பாதையை அடைத்த தழை

ஒரு தெய்வத்தை நான் உண்டாக்கியிருக்கிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பால் காய்ச்சச் சொன்னால் பொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆசாமி நான். அப்படிப்பட்டவன் ஒரு காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில், நாலு ஊர் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன். அதுவும் தெரியாமல்.

நார்த்தாமலைக்குப் பின்புறம், காரையும் சூரையுமாக முள் மண்டிய காட்டில், ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். வெயில் தணிந்திருந்தது. ஆனால் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் வெறுங்காலோடு நின்றேன். எதிரே முழங்கால் உயரத்துக்குப் பச்சைத் தழைக் குவியல். கசக்கிய இலையின் கசப்பு வாசனை.

சந்தையிலிருந்து திரும்பிய ஒரு பெண்பிள்ளை, தலைக்கூடையை இறக்காமலே பக்கத்துச் செடியில் ஒரு கொத்து ஒடித்துக் குவியலின் மேல் போட்டாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"யாரோ செத்துட்டாங்களாம் சாமி. வெறகு வெட்டப் போன ஆளாம். பூச்சி தொட்டுருச்சாம்."

பாம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் அந்தப் பக்கத்தில். பூச்சி என்றுதான் சொல்வார்கள்.

"எப்போ?"

"இன்னைக்கிக் காலையிலதான். நீங்களும் ஒரு தழையப் போட்டுட்டுப் போங்க. வழி நடக்கிறவங்க போடணும்."

செத்தவன் யாரும் இல்லை. விறகு வெட்டியும் இல்லை, பூச்சியும் இல்லை. காலையில் அங்கே முதல் கிளையை ஒடித்துப் போட்டவன் நான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பில் பங்கு கொடுக்கலாம் என்று பக்கத்தில் நின்ற அடைக்கலத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், நான் அந்தக் காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்ற அசட்டுக் கதையைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

காரணம் இல்லாத நடை

யுத்தம் முடிந்து ஒரு வருஷமோ, ஒன்றரை வருஷமோ. துணிக்கும் சீனிக்கும் இன்னும் வரிசைதான். நான் புதுக்கோட்டையில் சமஸ்தானக் கச்சேரி ஒன்றில் குமாஸ்தா. என் மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக் காகிதம் போவதற்கே ஒரு மாதம் ஆகும். அப்படிப்பட்ட வேகத்தில் பழகியவன் கையில், எங்கோ சீமையில் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலைமலையாக நடந்த ஒரு வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம் கிடைத்தது.

மலைக்காற்றில் நடந்தால் ஆத்மா விசாலமாகிறது என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது இடுப்பு மட்டும்தான் விசாலமாகிக்கொண்டிருந்தது. ஆத்மாவையும் கூடவே அழைத்துப் போகலாம் என்று தீர்மானித்தேன்.

திருச்சிராப்பள்ளியில் பட்டாளத்துச் சாமான்களைக் குவித்துப் போட்டு விற்றார்கள். அங்கே ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். யாரோ பஞ்சாபி வீரனுக்கு அளவெடுத்தது. முன்பக்கத்தில் பழைய வாரப் பத்திரிகைகளைத் திணித்து நிரப்பினேன். எந்தப் பத்திரிகை என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்காமலிருப்பது இருவருக்கும் நல்லது.

மெத்தை உறைத் துணியில் முதுகுப் பை தைத்துக் கொடுத்தவள் என் மனைவி.

"இதுல என்ன வச்சுக்கிட்டுப் போவீங்க?"

"ரொட்டி, தண்ணீர், கயிறு."

"கயிறு எதுக்கு?"

"மலை ஏறுவதற்கு."

"நார்த்தாமலையில ஆடு கயிறில்லாமத்தான் ஏறுது," என்றாள். ஊசி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம் பக்கத்தில் மனிதன் நடப்பதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: வேண்டுதல், வண்டிக்கு வழியில்லாமை, வீட்டில் சண்டை. சும்மா நடப்பது என்ற நாலாவது காரணத்தை நான் கொண்டுவந்தபோது யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஆட்டுக்காரர் என்னை மறித்தார்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"எந்த ஊருக்கும் இல்லை. சும்மா நடக்கிறேன்."

அவர் என் பூட்ஸைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கோவத்த மனசுல வச்சுக்காதீங்க. பொம்பளைங்க அப்படித்தான் பேசுவாங்க. இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

நடந்து வந்தவர்

தனியாக நடந்து இப்படி ஆறுதல் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் துணை தேடினேன். துணை என்றதும் ஊரில் எல்லாருக்கும் தோன்றுகிற ஒரே பெயர் அடைக்கலம்.

மரவாடி ஒன்றில் கட்டை அளந்து கொடுக்கிற வேலை. குட்டையான ஆள். இரண்டு ஆள் தோள். வேடிக்கையாகப் பேசுவார், எதிரில் இருப்பவர் சிரித்தாரா என்று பார்க்க மாட்டார். ஊரில் அவருக்கு 'நடந்து வந்தவர்' என்று பெயர். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் காசு உள்ளவர்கள் கப்பல் ஏறினார்கள். இல்லாதவர்கள் அரக்கான் மலைக்காடுகளைக் கால்நடையாகத் தாண்டினார்கள். நம் ஜில்லாவில் பர்மாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைச்சல். திரும்பி வந்தவர்களை ஊர் ஒரு மாதிரிப் பார்த்தது. பாதி மரியாதை, மீதி, வராதவர்கள் எங்கே என்று கேட்க வாய் வராத தவிப்பு.

அப்படி நடந்து வந்தவரிடம் போய், பொழுதுபோக்காக நடக்க வருகிறீர்களா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"எதுக்கு சார் நடக்கணும்? அதான் ரயிலு ஓடுதே," என்றார். கொஞ்ச நேரம் கட்டையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "சரி, வாரேன். ஞாயித்துக்கெழமை வீட்ல இருந்தா மதினி மொகத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கணும்."

மதினி சிவகாமி, அவருடைய அண்ணன் கருப்பையாவின் மனைவி. வல்லத்திராக்கோட்டையில் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் கருப்பையா தம்பியையும் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்குப் போனவர். குழந்தை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒன்றாக நடக்க ஆரம்பித்தார்கள். தம்பி மட்டும் வந்து சேர்ந்தார். வழியில் காய்ச்சல் கண்டு அண்ணன் போய்விட்டார் என்று சொன்னார்.

அன்று அவள் அழவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன், மதினி."

அதன் பிறகுதான் தாலியைக் கழற்றினாள். அந்தக் கேள்வியும் பதிலும் ஊர் முழுக்கத் தெரியும். அடைக்கலம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டையும் ஒன்றரைக் காணிப் புஞ்சையையும் பார்த்துக்கொண்டு இருந்தார். அமாவாசைக்கு அமாவாசை அவள் இலை போட்டு அண்ணனுக்குச் சோறு படைப்பாள். காக்கை எடுக்கிற வரைக்கும் இவர் வெளியில் நிற்பார்.

நாங்கள் நிறைய நடந்தோம். சித்தன்னவாசல் பாறைகள், குடுமியான்மலை, மகாராஜா வேட்டைக்கு என்று வேலி போட்டு வைத்திருந்த காடுகளின் ஓரங்கள். கௌதாரி கத்துவதையும் பாறைச் சரிவில் உடும்பு ஓடுவதையும் பார்த்தோம். எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். அரக்கானைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் ஒருமுறை கிண்டினேன். "அது நடை இல்ல சார். அத இதுகூடச் சேக்காதீங்க," என்று நிறுத்திக்கொண்டார்.

தழைக்கு இரண்டு வேலை

இந்த இடத்தில் தழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆவுடையார்கோவில் பக்கம் என் அத்தை வீடு. சின்ன வயதில் திருவிழாவுக்குப் போவோம். கண்மாய்க்கரையில் ஒரு வளைவு வந்ததும் அம்மா நிற்பாள். ஆவாரையோ எருக்கோ, கைக்கு எட்டுவதில் ஒரு கொத்து ஒடித்து அங்கே கிடக்கிற குவியலில் போடுவாள். என் கையிலும் ஒன்று கொடுப்பாள். யாரோ வழிப்போக்கன் அங்கே விழுந்து செத்தானாம்.

"யாருன்னு தெரியாதவனுக்கு நாம ஏன் போடணும்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா அவங்க வீட்ல பாத்துக்குவாங்கள்ல," என்றாள் அம்மா.

அந்தக் குவியலை ஆடுகள் வந்து மேயும். மறுபடி போகிறவர்கள் போடுவார்கள். அதனால் அது காய்ந்து நான் பார்த்ததில்லை.

தழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூட்டமாக நடக்கும்போது முன்னால் போகிறவர், பாதை பிரிகிற இடத்தில், போகக்கூடாத பாதையின் வாயில் ஒரு சின்னக் கொத்தைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் பார்த்து, 'இது இல்லை, அது' என்று தெரிந்துகொள்வார்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வழிக்குப் போடுகிற தழை சிறியதாக இருக்கும். அதன்மேல் கல் வைக்க மாட்டார்கள். இறந்தவருக்குப் போடுகிற இடத்தில்தான் சுற்றிக் கல் இருக்கும். நடக்கிற ஜனங்களுக்கு இது சொல்லிக் கொடுக்காமலே தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு என் மூளையில் வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். அடையாளங்கள் தெளிவாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாக்கு.

அன்று காலை

அன்று எங்களோடு மூன்றாவது ஆளாகப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வந்தார். பெரிய சரீரம். ரயிலில் வந்து நார்த்தாமலை ஸ்டேஷனில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும், முதல் பாறையைப் பார்த்தவுடனே அதை வரைய உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க, பின்னாலயே வாரேன்," என்றார். அடைக்கலம் சுனையில் தண்ணீர் இருக்கிறதா பார்க்க முன்னால் போய்விட்டார். நடுவில் நான்.

பாதை பிரிகிற இடத்துக்கு வந்தேன். வலது பக்கம் சுனைக்கு. இடது பக்கம் காட்டுக்குள் புகுந்து ஏதேதோ ஊர்களுக்கு. மாஸ்டர் தப்பான பாதையில் போய்விடக் கூடாதே என்று இடது பாதையை அடைத்தேன். சின்னக் கொத்து போதாது என்று வெப்பாலையில் ஒரு முழுக் கிளையை முறித்துப் போட்டேன். காற்று இழுக்காமல் இருக்கக் கல் வைத்தேன். அழகாக இருக்கட்டும் என்று சுற்றிலும் வட்டமாகக் கல் அடுக்கினேன். தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு போனேன்.

அன்று சந்தை நாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த இடது பாதைதான் நாலு ஊர் ஜனம் சந்தைக்கு வருகிற பாதை என்பதும் தெரியாது.

பகல் முழுக்கச் சுனை ஓரத்தில் இருந்தோம். மாஸ்டர் வரவே இல்லை. களைத்துப்போய் வீடு திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். பூட்ஸ் கடித்த காலைச் சுனைநீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரும்பி அந்தப் பிரிவுக்கு வந்தபோதுதான் குவியலையும் கூடைக்காரியையும் பார்த்தது.

மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். உசிலை மர நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்.

குவியலின் அடியில்

கூடைக்காரி போனதும் நான் மாஸ்டரைக் கேட்டேன்: "பாதையை அடைத்துவிட்டுத்தானே போனேன்? பார்க்கவில்லையா?"

"எங்கய்யா அடைச்சீர்? இங்க யாரோ செத்துப்போன இடமால்ல இருந்துச்சு. நான் வாரப்பவே பத்திருபது கொத்து கெடந்துச்சு. நானும் ஒண்ண ஒடிச்சுப் போட்டேன். ஒரு நிமிசம் நின்னேன். அப்படியே அந்தப் பாதையில நடந்தேன். ஒரு ஊரு வந்துச்சு. மோரு குடுத்தாங்க, படுக்கப் பாயி குடுத்தாங்க, இந்தப் பிஞ்சும் அவங்க குடுத்ததுதான். உம்ம மலையவிட அது எவ்வளவோ தேவல."

"அடைத்த தழையை மிதித்துக்கொண்டு போயிருக்கிறீர்," என்று நான் மறுபடி சிரிக்கப் பார்த்தேன்.

"மாஸ்டர்." அடைக்கலத்தின் குரல் வேறாக இருந்தது. "தழையப் போட்டுட்டு எங்கிட்டு போனீங்கன்னு சொன்னீங்க?"

"இந்த வழிதான். தழை கெடக்கிற வழி."

"வழி அடைச்சிருக்குன்னு ஒங்களுக்குத் தோணலியா?"

"எப்படித் தோணும்? இம்புட்டுக் கெடந்தா?"

அடைக்கலம் குவியலுக்கு முன்னால் மண்டி போட்டார். மேலிருந்து ஒவ்வொரு கொத்தாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவசரமே இல்லை. எதையும் வீசவில்லை. ஆவாரை, நுணா, கிளுவை, யாரோ வேப்பங்கொத்து கூடப் போட்டிருந்தார்கள். அடியில் வெப்பாலைக் கிளை வந்தது, வாடிப்போயிருந்தது. அதையும் எடுத்தார். அதற்குக் கீழே செம்மண். உள்ளங்கையை அதில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"அங்க நான் எடுத்துப் பாக்கல, சார்," என்றார்.

பிறகு சொன்னார். என்னைப் பார்த்தோ மாஸ்டரைப் பார்த்தோ இல்லை. அந்த மண்ணைப் பார்த்து.

"மூங்கக் காடு. தண்ணி இல்ல. வழியெல்லாம் சாமான் கெடக்கும், தகரப்பெட்டி, தொட்டிலு, ஒருத்தன் அம்மிக்கொழவியக் கூட அம்புட்டுத் தூரம் தூக்கியாந்து அங்க போட்டிருந்தான். அண்ணனுக்குக் காச்ச. 'நீ முன்னால போயித் தண்ணி பாத்து வையிடா, நான் மெதுவா வாரேன்'னுச்சு. போனேன். பாதை ரெண்டாப் பிரிஞ்சுச்சு. ஒண்ணு கூட்டம் போற வழி. இன்னொண்ணு எங்கிட்டோ மலைக்குள்ள போவுது. காச்சக் கண்ணுக்குத் தெரியணுமேன்னு மூங்கத் தழையப் பெரிசாப் போட்டு அடைச்சேன். கல்லு வச்சேன். சுத்தியும் வச்சேன். ஓடைகிட்டப் போயி ஒக்காந்திருந்தேன். விடியிற வரைக்கும் வரல. திரும்பி வந்தேன். அந்த எடத்துல தழை இடுப்பு ஒசரம் கெடக்கு. யாருப்பான்னு கேட்டேன். 'யாரோ நம்ம பக்கத்து ஆளாம், காச்சல்ல போயிட்டானாம்'னாங்க. பின்னால வந்ததெல்லாம் நம்ம சனந்தான. எல்லாம் போட்டுட்டுப் போயிருக்கு."

மண்ணிலிருந்து கையை எடுத்தார்.

"எடுத்துப் பாக்கக் கை வரல. அண்ணன் மொகத்த அப்படிப் பாக்க எனக்கு… நானும் ஒரு கொத்த ஒடிச்சுப் போட்டுட்டு நடந்துட்டேன். அந்தக் குமியலுக்கு மொதத் தழை நான் போட்டதுதாங்கிறதே எனக்கு இன்னைக்கித்தான் தெரியுது."

மாஸ்டர் கையிலிருந்த பிஞ்சைத் தரையில் வைத்தார்.

"அண்ணனும் பாத்திருக்கும்," என்றார் அடைக்கலம். "யாரோ செத்த எடம்னு அதுவும் ஒரு கொத்து போட்டிருக்கும். போட்டுட்டு…" கையால் மாஸ்டர் போன இடது பாதையைக் காட்டினார்.

எடுத்து வைத்த கொத்துகளையெல்லாம் திரும்ப அதே இடத்தில் அடுக்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நானும் ஒன்று போட்டேன்.

வல்லத்திராக்கோட்டையில்

ரயிலில் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டேஷனில் இறங்கியதும் அடைக்கலத்தைத் தனியாக நிறுத்தி என் படிப்பையெல்லாம் கூட்டிப் புத்தி சொன்னேன். வருஷங்கள் ஆகிவிட்டன. ஆறிய புண். நிச்சயமாக ஒன்றும் தெரியாது. இதை அவளிடம் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

"மொகத்தப் பாத்தேன்னு நான் சொன்ன பொய்யில அவுங்க தாலிய அவுத்துருக்காங்க, சார். இனிமே அவுங்க ஆக்குற சோத்த நான் எப்படித் திங்கிறது?" என்றார். பிறகு, "தனியாச் சொல்லப் பயமா இருக்கு. கூட வாங்க," என்றார்.

போனேன். மறுநாள், உச்சி வெயில் சாய்ந்த நேரம். சிவகாமி வாசலில் முறத்தை மடியில் வைத்து வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அடைக்கலம், "ஒக்காருங்க மதினி," என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் தேடிப் போனது, தழை போட்டது, திரும்பி வந்தது, எடுத்துப் பார்க்காதது. நார்த்தாமலையில் நடந்ததையும் சொன்னார்.

அவள் கை நிற்கவில்லை. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில்தான் நின்றது.

"மொகத்தப் பாத்தேன்னு சொன்னீங்களே, தம்பி."

"பாக்கல, மதினி."

ஒரு கோழி வந்து முறத்தின் ஓரத்தைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை.

"அந்த வழி போனா ஊரு உண்டா?"

"மலைச்சாதி சனங்க ஊரு இருக்குன்னு சொன்னாங்க. நான் பாத்ததில்ல."

"அங்கிட்டுத் தண்ணி இருக்குமா?"

"தெரியல."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன். "அம்மா, அவர் எங்காவது உயிரோடு இருக்கலாம். நம்பிக்கையை…"

அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விடுங்க." திரும்பவும் அடைக்கலத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்: "ஒங்க பேச்ச நம்பி அவுத்தேன். இப்ப யாரு பேச்ச நம்பிக் கட்டிக்கிறது?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு லோட்டா நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. அதைப் பார்த்த பிறகுதான் அடைக்கலம் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த அமாவாசைக்கு அவள் இலை போடவில்லை. பொட்டும் வைக்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. விதவைக்கு நம்மிடம் ஒரு பேர் இருக்கிறது, சுமங்கலிக்கு ஒரு பேர் இருக்கிறது. நடுவில் நிற்கிறவளுக்குப் பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

காரணம் உள்ள நடை

அதற்கப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தேடிக்கொண்டு போனோம். கறம்பக்குடிப் பக்கம், கீரனூர்ப் பக்கம், ரோடு இல்லாத ஊர்கள். பூட்ஸை விட்டொழித்தேன். ஆத்மாவைப் பற்றிய விசாரமும் அதோடு போயிற்று. கேட்பது ஒரே கேள்விதான்: அந்தப் பாதைப் பிரிவில் காய்ச்சலோடு ஒரு ஆளைப் பார்த்தீர்களா?

ஆவூரில் சவரிமுத்து என்று ஒருவர், மாதா கோயில் பக்கத்தில் வீடு. அரக்கான் வழியாக வந்தவர். கேட்டவுடனே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"மூங்கத் தழைக் குமியல்தான? பாத்தேன். நம்ம பக்கத்து ஆளுன்னு சொன்னாங்க. நானும் ஒரு கொத்து போட்டு, முழங்கால் போட்டு ஒரு செபம் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அடைக்கலம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அடியில ஆளு இருந்துச்சா? யாரும் பாத்தாங்களா?"

சவரிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். "செத்தவன மூடுன தழைய யாரு தம்பி எடுத்துப் பாப்பாக?" என்றார்.

அதுதான் எங்களுக்குக் கிடைத்த அதிகபட்சச் செய்தி. குவியலைப் பார்த்தவர்கள் அதற்கப்புறமும் இரண்டு மூன்று பேர் அகப்பட்டார்கள். எல்லாரும் ஒரு கொத்து போட்டிருந்தார்கள். கருப்பையாவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவர் வரவும் இல்லை. இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. நான் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்களில் ரயிலில் எதிரே காய்ச்சல் கண்ட மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தால், எந்த ஊர் என்று கேட்காமல் என்னால் இறங்க முடிந்ததில்லை.

ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமயம் பக்கம் ஒரு ஊரில் பர்மாக்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அடைக்கலத்தைக் கூட்டிப்போக வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. சிவகாமிதான் வந்தாள். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இனிமே தம்பிய ஞாயித்துக்கெழமை கூப்புடாதீங்க சார்," என்றாள். "வர்றதுன்னா, போனவரு தானே வழி கேட்டு வரட்டும். இங்கிட்டு மழைக்கு முந்தி வெறகு பொளக்க ஆளு இல்ல. ஒங்களுக்குச் சும்மா இருக்க முடியலைன்னா நீங்களும் வாங்க, கோடாலி ரெண்டு கெடக்கு."